கோத்தகிரி தேயிலைச் சாலையில் இரவில் தனியாக ஓட்டம்: காட்டெருமை, கரடி பயத்தை எப்படிச் சமாளிப்பது?

மலைப்பாதை21 (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் இருக்கிறேன். வேலை முடியவே இரவு எட்டு ஆகிவிடும் என்பதால் வாரத்தில் நான்கு நாள் எட்டரை மணிக்குத்தான் ஓட முடிகிறது. அரை மாரத்தானுக்குத் தயாராகிறேன். கூட ஓட ஆள் கிடையாது.

பாதை மொத்தம் 8 கி.மீ. முதல் 2 கி.மீ. தெருவிளக்கும் வீடுகளும். அடுத்த 3 கி.மீ. இருபுறமும் தேயிலை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள், இரண்டு கொண்டை ஊசி வளைவுகள். அதில் சுமார் 400 மீட்டருக்குச் சோலைக்காடு சாலையை ஒட்டியே வருகிறது. பிறகு எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள், ஒரு சின்னக் கோயில், மறுபடியும் ஊர்.

சிக்கல் இரண்டாவது வளைவில்தான். அங்கே போனதும் கால் எழ மறுக்கிறது. தேயிலைக்குள் ஏதாவது சரசரத்தால் இதயத் துடிப்பு 145இலிருந்து 170க்குத் தாவுகிறது. பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். பாதி நாள் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். கையில் இருப்பது 150 லூமன் ஹெட்லாம்ப்; ஒரு காதில் இயர்போன்.

தெரிந்துகொள்ள விரும்புவது: இந்த மாதிரிச் சாலையில் உண்மையில் எதைச் சந்திக்க வாய்ப்பு, சந்தித்தால் என்ன செய்வது? வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? பயத்தையே படிப்படியாகக் குறைக்க வழி இருக்கிறதா? "பகலில் ஓடு" என்பது எனக்கு உதவாது. ஆனால் ஓடவே கூடாத இடம் என்று ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

சோலைக்குயில்

இந்த மலையில் ஆட்கள் அடிபடும்போது பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: வளைவிலோ புதர் ஓரத்திலோ மனிதரும் விலங்கும் பத்தடி தூரத்தில் திடீரென்று முட்டிக்கொள்கிறார்கள். விலங்குக்கு விலகிப் போக இடமும் நேரமும் இல்லாதபோது அது தாக்குகிறது. நடப்பவரைவிட ஓடுபவருக்கு இந்த ஆபத்து கூடுதல். வேகமாக வருகிறீர்கள், நல்ல ஷூ போட்டால் காலடிச் சத்தமும் குறைவு. அதனால் கீழே சொல்லும் எல்லாமே ஒரே நோக்கத்துக்குத்தான்: நீங்கள் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

முதலில் காட்டெருமை. நம் ஊர்ப் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம், சரியான பெயர் காட்டுமாடு. பெரிய காளை ஆயிரம் கிலோ வரை வரும், தோள் உயரம் ஆறடியை நெருங்கும். இவ்வளவு பெரிய உருவம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. கருத்த உடம்பு டார்ச் வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிடும். முதலில் தெரிவது முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெளிர் நிறம். வெள்ளை சாக்ஸ் மாட்டின நான்கு கால்கள் மட்டும் தனியாக நிற்பதுபோல் இருக்கும். தேயிலைக்குள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தால் அதுவும் தெரியாது. செடி மட்டத்துக்கு மேலே கொம்பு நுனியும் காதும் மட்டும். ஆகவே டார்ச்சைச் சாலையில் மட்டும் அடிக்காமல் தேயிலையின் மேல்மட்டத்தை ஒட்டிப் படுக்கையாக ஓட்டிப் பாருங்கள். வெட்டி மட்டம் செய்த தேயிலையில் எது துருத்திக்கொண்டு நின்றாலும் அது செடி அல்ல.

கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் அதுவே நகர்ந்துவிடும். தனிக் காளையும் கன்றோடு இருக்கும் பசுவும்தான் கவனத்துக்குரியவை. "புஸ்" என்று பலமாக மூச்சை விடுவது முதல் எச்சரிக்கை. அடுத்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கும். அது போகக் கிளம்புகிறது என்று பலர் தப்பாக நினைத்து முன்னே நகர்கிறார்கள். உண்மையில் "நான் எவ்வளவு பெரியவன் பார்" என்று காட்டுகிறது. தலையைத் தாழ்த்தினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம்.

பார்த்தவுடன் நில்லுங்கள். குறைந்தது 50 மீட்டர் இடைவெளி. வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்காமல் அதன் முன்னால் தரையில் விடுங்கள். எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுப் பின்னோக்கி நடந்து வாருங்கள். சாலையில் நின்றால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்கலாம், இல்லையென்றால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. பாய்ந்து வந்தால் தேயிலைக்குள் ஓடவே கூடாது. கவாத்து செய்த தேயிலைக் கிளை கம்பி மாதிரி. உங்கள் காலைப் பிடித்துக்கொள்ளும், அதன் காலைப் பிடிக்காது. தடித்த மரம், தடுப்புச் சுவர், நிறுத்திய வண்டி என்று எதன் பின்னாலாவது போய்விடுங்கள். பகலில் ஒருமுறை நடந்து, இப்படிப்பட்ட மறைவிடம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரடி. நீங்கள் பயப்படும் இடமும் கரடி இருக்கும் இடமும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். இரவில் கரடி கோத்தகிரிப் பக்கம் தேடி வருவது சாப்பாட்டுக்கு: குப்பைத் தொட்டி, கோயில் விளக்கு எண்ணெய், பேக்கரி, மளிகைக்கடைச் சாமான், வீட்டோரக் கொய்யா, பலா. உங்கள் பாதையில் இரண்டாவது வளைவைவிட, லைன் வீடுகளுக்குப் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்னக் கோயிலும் குப்பை கொட்டும் இடமும்தான் கரடிக்கு ஏற்ற இடங்கள். ஊர் வந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகி வேகமெடுக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

கரடிக்குப் பார்வையும் கேட்கும் திறனும் சுமார். கறையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சும்போது வேறெதையும் கவனிக்காது. அந்த உறிஞ்சும் சத்தம், இருமலும் ஊதலும் கலந்தாற்போல், அமைதியான இரவில் நூறு மீட்டருக்கு மேல் கேட்கும். அதற்காகவே இயர்போனைக் கழற்றிவிடுங்கள். அது உங்களைப் பார்க்கவில்லையென்றால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். பார்த்துவிட்டால் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். ஓடி ஜெயிக்க முடியாது. மரமேறியும் பயனில்லை, அது உங்களைவிட நன்றாக ஏறும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். கரடி முகத்தையும் தலையையும்தான் குறிவைக்கும். முதுகுப்பை இருந்தால் கழற்றாதீர்கள். அது தூரமாகப் போகும்வரை எழக் கூடாது.

சிறுத்தை நீங்கள் பார்ப்பதற்கு முன்பே உங்களைப் பார்த்து ஒதுங்கியிருக்கும். இருந்தாலும் இரண்டு விஷயம். இருட்டில் குனிந்து ஷூ லேஸ் கட்டாதீர்கள். குனிந்த மனிதன் சின்ன விலங்குபோல் தெரிவான். வீட்டிலேயே இரட்டை முடிச்சு போட்டுவிடுங்கள். அப்புறம், துணைக்கு என்று நாயைக் கூட்டிப் போகாதீர்கள். எஸ்டேட் பக்கம் சிறுத்தை வருவதே பெரும்பாலும் நாய்க்காகத்தான். நேருக்கு நேர் பார்த்துவிட்டால் நிமிர்ந்து நின்று, கைகளைத் தூக்கி, உரக்கக் கத்தி, முதுகைக் காட்டாமல் பின்னால் போங்கள்.

காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் சேர்க்கிறேன். தெளிந்த இரவில் மலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும். நீங்கள் இறக்கத்தில் ஓடினால் உங்கள் வாசனை உங்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். ஏற்றத்தில் ஓடும்போது மேலே நிற்கும் விலங்குக்கு உங்கள் வாசம் போகாது. அப்போதுதான் சத்தம் கூடுதலாகத் தேவை. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் எல்லோரும் அங்கேதான் மௌனமாகிறார்கள்.

ஓடக் கூடாத இடம் கேட்டீர்கள். பொதுச் சாலை சோலையை ஒட்டிப் போவது வேறு, சோலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை வேறு. லாங்வுட் சோலை மாதிரி வனத்துறையின் கீழ் உள்ள இடத்துக்குள் இரவில் கால் வைக்கவே கூடாது, அனுமதியில்லாமல் நுழைவது குற்றமும்கூட. உங்கள் 400 மீட்டரில் சாலையை விட்டு ஒரு அடியும் இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட.

கொண்டைஊசி

வெளிச்சம் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே உள்ளவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கி.மீ.க்கு 6 நிமிட வேகம் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர். ஒன்றைப் பார்த்து, புரிந்து, நிற்பதற்கு ஏழெட்டு மீட்டர் ஆகும். ஆனால் காட்டெருமைக்கு 50 மீட்டர் விட வேண்டுமென்றால் 60 மீட்டரிலேயே அது தெரிந்தாக வேண்டும். 150 லூமன் ஹெட்லாம்ப் காலடிக்குப் போதும், இதற்குப் போதாது.

அட்டையில் "100 மீட்டர்" என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள். அந்த அளவு, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரத்தைக் குறிக்கிறது. அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவு வெளிச்சம். வெள்ளைச் சுவர் அதில் தெரியும். கறுப்பு விலங்கைக் கண்டுபிடிக்க அதில் பாதித் தூரம்கூடக் கணக்கில் வைக்க முடியாது. ஆகவே 150 மீட்டர் என்று போட்ட, குவிந்த ஒளி தரும் கைடார்ச் ஒன்று வாங்குங்கள். ஹெட்லாம்ப் குறைந்த வெளிச்சத்தில் தரைக்கு, கைடார்ச் தூரத்துக்கு. ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று இருக்கும். புது சார்ஜோடு கிளம்புங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

ஹெட்லாம்ப் மட்டும் போட்டு ஓடுவதே பயத்தைக் கூட்டுகிறது. காரணம் இதுதான்: தலை ஒவ்வொரு அடிக்கும் ஆடுகிறது, அதோடு செடிகளின் நிழலும் ஆடுகிறது. ஓரக்கண்ணுக்கு அது அசைவாகப் படுகிறது. நீங்கள் "ஏதோ ஓடியது" என்று நினைப்பதில் பாதி உங்கள் விளக்கே ஆட்டிய நிழல். பட்டையை நன்றாக இறுக்கி, வெளிச்சத்தை ஆறேழு மீட்டர் முன்னே தரையில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். நிழல் ஆட்டம் குறையும்.

கண் மினுக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விளக்கு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் விலங்கின் கண்ணிலிருந்து திரும்பும் ஒளி உங்களுக்குக் கிடைக்கும். எனவே கைடார்ச்சைக் காதோரம் உயர்த்திப் பிடித்துத் தேடுங்கள். சாலையில் தரையோடு ஒட்டி ஒற்றைச் சிவப்புக் கங்குபோல் மின்னினால் அது பக்கிப் பறவை; காலடி வரை அசையாமல் இருந்து திடீரென்று எழும்பி உயிரை வாங்கும், ஆபத்தே இல்லை. புல்லில் பச்சையாகப் பொடிப் பொடியாக மின்னுவது சிலந்திகள். இரண்டு கண்கள் இடைவெளிவிட்டு, இடுப்பு உயரத்துக்கு மேலே என்றால் நில்லுங்கள். ஒன்று முக்கியம்: காட்டுப்பன்றியின் கண் மினுங்காது. கண் தெரியவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

பனிமூட்டத்தில் எல்லாம் தலைகீழ். நெற்றியிலிருந்து போகும் வெளிச்சம் பனித் துளியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். முன்னால் வெள்ளைத் திரை. ஹெட்லாம்பை அணைத்துவிட்டு டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்துத் தரையை ஒட்டி அடியுங்கள். அப்படியும் இருபது மீட்டர் தெரியவில்லையென்றால் தெருவிளக்குள்ள 2 கி.மீ.யிலேயே இரண்டு முறை போய் வாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது அடிக்கடி தேவைப்படும்.

வளைவுகளை நடந்தே கடங்கள். 30 மீட்டரை ஓடினால் 11 நொடி, நடந்தால் 20. இரண்டு வளைவுக்கும் சேர்த்து இருபது நொடிகூட இழக்கமாட்டீர்கள்.

பின்னால் சிவப்பு மினுக்கு விளக்கு, மேலே ஒளி திருப்பும் பட்டை, எதிரில் வரும் வண்டியைப் பார்க்கும்படி சாலையின் வலப்பக்கம். இரவில் ஓடுபவருக்கு வண்டியும் ஒரு பெரிய ஆபத்து.

மருந்துப்பெட்டி

பாம்பும் நாயும் விட்டுப்போயிருக்கிறது.

கோத்தகிரி உயரத்தில், ஏறக்குறைய 1,800 மீட்டரில், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எனும் நான்கும் சமவெளி அளவுக்கு இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்க இறங்கக் கூடும். மலையில் குழிவிரியன் வகைகள் உண்டு. மழைக்குப் பின் சருகிலும் சாலையோரப் புல்லிலும் அசையாமல் கிடக்கும். பாம்புக்கு உங்கள் கைத்தட்டல் பெரிதாக உறைக்காது, தரை அதிர்வுதான் உறைக்கும். பல விரியன்கள் அதிர்வு வந்தாலும் நகராது. எனவே இங்கே சத்தத்தை நம்பாமல் கண்ணை நம்புங்கள்: தார்ச் சாலையை விட்டு ஓரப் புல்லில் இறங்காமல் ஓடுங்கள், விழுந்த கிளையைத் தாண்டிக் குதிக்காதீர்கள், அதன் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு நடந்து கடங்கள். கணுக்காலை மூடும் கெட்டி சாக்ஸ் போடுங்கள்.

கடித்தால்: கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கடிகாரம், ஷூவைக் கழற்றுங்கள், வீங்கும். கடிபட்ட காலை அசைக்காமல் குச்சி வைத்துக் கட்டி 108க்கு அழையுங்கள். ஓடி ஊருக்கு வர முயலாதீர்கள். அழைப்பு கிடைக்கவில்லையென்றால் நிதானமாக நடந்து அருகிலுள்ள வீடு வரை. வலி இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. கட்டுவிரியன் கடியில் வலியே இல்லாமல் இருந்து, சில மணி நேரம் கழித்து இமை தொங்கத் தொடங்கும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் போதும். இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளுக்கானது. குழிவிரியன் கடிக்கு அது வேலை செய்யாது என்பதால் படம் மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும்.

நாய், இரவில் ஓடுபவர் அடிக்கடி சந்திக்கும் விலங்கு. துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடும் கால்தான் அதைத் தூண்டுகிறது. முகத்தை அதன் பக்கம் வைத்து, கண்ணை முறைக்காமல், குரலைத் தாழ்த்தி "போ" என்று அதட்டுங்கள். கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள்; கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். அன்றே தடுப்பூசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்த கடிக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (வெறிநோய்க் கிருமிக்கு எதிரான ஆயத்த எதிர்ப்பு மருந்து) காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

மலைப்பாதை21

மிக்க நன்றி. கோயில் பக்கத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை, அங்கேதான் எப்போதும் வேகமெடுப்பேன். ஒரு சந்தேகம்: சத்தம் எழுப்பச் சலங்கை கட்டிக்கொள்ளலாமா? போனில் பாட்டை ஸ்பீக்கரில் போட்டால் போதாதா? மிளகு ஸ்ப்ரே ஒன்றும் வைத்திருக்கிறேன்.

பழைய தபால்

கண்ணு, சலங்கைக்கு நம்ம பக்கம் பெரிய பரம்பரையே இருக்கு. அந்தக் காலத்துல தபால் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு காட்டு வழியில ஓடுன ஆளுங்க கையில மணி கட்டின கோல் இருக்கும். திருவிதாங்கூர்ல அஞ்சலோட்டக்காரங்கன்னு தனியாவே இருந்தாங்க. மணிச்சத்தம் கேட்டா ஜனங்களும் வழிவிடும், மிருகமும் ஒதுங்கும். ராத்திரியில தனியா ஓடுறதுக்குன்னே உண்டான ஏற்பாடு அது.

ஆனா அதுல ஒரு குறை. சின்னச் சலங்கை ஓயாம கிலுகிலுன்னா உனக்கு வேற எதுவும் கேக்காது. கரடி உறிஞ்சுறதோ காட்டெருமை புஸ்ஸுங்கிறதோ காதுல விழாம போயிரும். அதனால மணியைக் கையில வெச்சுக்க, கட்டிக்காதே. வளைவுக்கு முப்பது மீட்டர் முன்னாடி நாலு தரம் ஆட்டு, அப்புறம் அமுக்கிப் புடிச்சு பத்து நொடி கேளு, அப்புறம் நட. மணி இல்லேன்னா வாயால "ஹோய்... ஹோய்". மனுசக் குரல் இந்த மலையில இருக்குற மிருகத்துக்கெல்லாம் பழக்கம். எஸ்டேட் ஆளுங்க அப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டே போவாங்க. கூட்டமாக் கைதட்டி, தகரம் தட்டி வெரட்டுறது வேற விஷயம். அதை நீ ஒத்தையில செய்யாதே, மிரண்டு எந்தப் பக்கம் வரும்னு சொல்ல முடியாது.

பாட்டு வேண்டாம். அதே காரணம்தான். மொளகு ஸ்ப்ரே ரெண்டு மூணு மீட்டருக்கு மேல போகாது, காத்து எதிர்ல அடிச்சா உன் கண்ணுலதான் விழும். நாய்க்கு ஆகும். காட்டெருமைக்கு முன்னாடி அதை எடுக்குற தூரம் வரைக்கும் போயிட்டீன்னாலே தப்பு நடந்துருச்சு.

மூச்சுக்கணக்கு

பயத்தைக் குறைக்கும் பகுதிக்கு வருகிறேன். கேள்வியிலேயே முக்கியமான தகவல் இருக்கிறது: பாதி நாள் வளைவிலிருந்து திரும்பிவிடுகிறீர்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பினால், வீட்டை நோக்கி நூறு மீட்டர் போனதும் படபடப்பு இறங்கும். "திரும்பியதால்தான் தப்பித்தேன்" என்று உடம்பு அதைப் பதிவு செய்துகொள்ளும். அடுத்த முறை அதே வளைவு இன்னும் சீக்கிரமாகப் பயமுறுத்தும். எனவே எதற்காகத் திரும்புவது என்பதை அந்த நேரத்தில் தீர்மானிக்கக் கூடாது. வீட்டிலேயே எழுதி வையுங்கள்.

கட்டாயம் திரும்ப வேண்டிய அறிகுறிகள் இவை: ஆவி பறக்கும் புதுச் சாணம், "புஸ்" சத்தம், உறிஞ்சும் சத்தம், மாட்டுத்தொழுவம் மாதிரிக் கெட்டியான வாடை, கடமானோ கேளையாடோ விடாமல் கத்துவது, இருபது மீட்டருக்குக் குறைவான பார்வை. கேளையாட்டின் குரல் நாய் ஒற்றையாகக் குரைப்பதுபோல் இருக்கும், ஆனால் வீடே இல்லாத திசையிலிருந்து வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் திரும்புங்கள், அன்று பயிற்சி கிடையாது. இவை எதுவும் இல்லாமல் வெறும் படபடப்பு மட்டும் என்றால், ஓட்டத்தை நிறுத்தி நடந்து, இன்னும் 50 மீட்டர் போய், அங்கே நின்று, துடிப்பு இறங்கிய பிறகு திரும்புங்கள். இறங்குவதற்கு முன் திரும்பாதீர்கள்.

வாரக் கணக்கில் பிரித்தால் இப்படி வரும். முதல் வாரம் பகலில் இரண்டு முறை முழுப் பாதையையும் நடங்கள். வளைவில் பத்து நிமிடம் உட்கார்ந்து, எது எதிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று பாருங்கள். சில்வர் ஓக்கின் காய்ந்த இலை தார்ச் சாலையில் இழுபடும்போது யாரோ நடந்துவருவதுபோலவே கேட்கும். சாணம், குளம்படி எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறது என்றும் தெரிந்துவிடும். காட்டெருமை பழகிய தடத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். அந்த இரண்டு மூன்று இடங்கள்தான் உங்கள் உண்மையான எச்சரிக்கைப் பகுதி. இரண்டாம் வாரம் அந்தி வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி, இருட்டுவதற்குள் வளைவைக் கடந்து, இருட்டில் லைன் வீடுகள் வழியாகத் திரும்புங்கள். விடுமுறை நாளில்தான் முடியும், பரவாயில்லை, இரண்டு முறை போதும். மூன்றாம் வாரம் இரவில், ஆனால் முழுக்க நடை. டார்ச், குரல், வளைவில் நிற்பது எல்லாம் நடையிலேயே பழக்கமாகட்டும். நான்காம் வாரம் வளைவுகளுக்கும் சோலைக்கும் இடையில் மட்டும் மெல்லோட்டம். வளைவில் துடிப்பு 150க்குள் நின்றால் அடுத்த படிக்குப் போங்கள், இல்லையென்றால் அதே படியில் இன்னொரு வாரம். சோலையை ஒட்டிய 400 மீட்டரை எப்போதும் நடந்தே போக வேண்டும் என்பது என் கருத்து. அங்கே ஓடிக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தால் எந்தப் பயனும் இல்லை.

திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை "கூடாது" என்று அடக்க முயன்றால் அதிகமாகும். அதற்கு ஓர் இடம் கொடுங்கள். ஒவ்வொரு 500 மீட்டரிலும் முழுதாக நின்று, டார்ச்சோடு ஒரு வட்டம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இடையில் திரும்பத் தோன்றினால் "அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டே திரும்புபவர்கள் விழுவதுதான் அதிகம்.

மூச்சு: நடையில் நான்கு காலடிக்கு உள்ளே, ஆறு காலடிக்கு வெளியே. வெளிமூச்சு நீளமானால்தான் துடிப்பு இறங்கும். ஓடும்போது அவ்வளவு நீட்ட முடியாது, இரண்டுக்கு மூன்று போதும். எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லுங்கள், வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதற்கும் அதுவே அறிவிப்பு.

இரண்டு வாரம் இடைவெளி விட்டாலோ, நிஜமாகவே எதையாவது பார்த்துவிட்டாலோ பயம் பழையபடி வரும். பயிற்சி வீணானதாக நினைக்க வேண்டாம். ஒரு படி இறங்கி மறுபடி ஏறுங்கள், இரண்டாம் முறை வேகமாகவே ஏறிவிடும்.

கிளம்பும்போது வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரிடம் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள்: "ஒன்பதே முக்காலுக்கு வரவில்லையென்றால் போன் செய்யுங்கள், எடுக்கவில்லையென்றால் இந்த வழியில் வண்டியில் வாருங்கள்" என்று. சிக்னல் இல்லாத வளைவுகளில் லைவ் லொக்கேஷன் நின்றுவிடும், அதை மட்டும் நம்ப முடியாது. உள்ளூர் வனச்சரக அலுவலக எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.

சோலைக்குயில்

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். பயிற்சி தூரம் கூடும்போது பாதையை மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணு தாண்டிக் குஞ்சப்பனை பக்கம் நீட்டத் தோன்றலாம், நல்ல இறக்கம் என்பதால். இரவில் வேண்டாம். பலாப் பழுக்கும் மாதங்களில், ஏப்ரல் முதல் ஜூலை வரை, அந்தச் சாலையில் யானைகள் ஏறி வரும். யானைக்கு மேலே சொன்ன 50 மீட்டர் கணக்கு செல்லாது. இருட்டில் சாம்பல் பாறைபோல் நிற்கும், சாலையோரம் சத்தமே இல்லாமல் கூட்டம் நிற்க முடியும், அது வேகமெடுத்தால் மனிதர் யாராலும் முந்த முடியாது. அங்கே மணி, குரல், டார்ச் எதுவும் திட்டமாகாது.

நீள ஓட்டத்தை ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் 8 கி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தெருவிளக்குள்ள 2 கி.மீ.யைத் திரும்பத் திரும்ப ஓடுங்கள். இன்னொன்று, அடுத்த முறை போகும்போது அந்தக் கோயிலில் விளக்கேற்றும் எண்ணெய் டப்பாவை இரவில் எங்கே வைக்கிறார்கள் என்று பூசாரியிடம் கேளுங்கள். வெளியே வைக்கிறார்கள் என்றால் உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

மலைப்பாதை21

கேட்டுவிட்டேன். வாசல் படியிலேயே வைக்கிறார்களாம். இன்று முதல் உள்ளே எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாளை காலை பகல் நடை, முதல் வாரம் ஆரம்பம்.